இங்கிலாந்தில் நல்ல மீன்-சிப்ஸ் கடையைக் கண்டுபிடிக்க

வட இங்கிலாந்தின் யார்க்ஷயர்ப் பகுதியில் இருக்கும் லீட்ஸுக்கு வந்த புதிதில், என்னோடு மருத்துவமனை வார்டில் வேலை பார்த்த யார்க்ஷயர்ப் பெண் ஒருத்தி, "வெள்ளிக்கிழமை எல்லாரும் சிப்பிக்குப் போகிறோம், நீயும் வா" என்றாள். நான் நாகப்பட்டினத்துக்காரி. சிப்பி என்றால் எனக்குக் கடற்கரையில் பொறுக்குகிற சிப்பிதான். போய்ப் பார்த்தால் மீனையும் உருளைக்கிழங்கையும் பொரித்து விற்கிற கடை. வட இங்கிலாந்தில் மீன்-சிப்ஸ் கடைக்கு அதுதான் செல்லப்பெயர். அன்றைக்குச் சாப்பிட்ட ஹாடக் மீனை இன்னும் மறக்கவில்லை. அடுத்த மாதம் வேறொரு கடையில் சாப்பிட்டதையும் மறக்கவில்லை. மேல்மாவு நமுத்து, எண்ணெய் சிக்கு வாடை அடித்து, பாதியில் தூக்கிப் போட்டேன். விலை என்னவோ இரண்டு கடையிலும் ஒன்றுதான்.

புதிதாக வருகிற நம்மவர்கள் பலர் அந்த இரண்டாவது மாதிரிக் கடையில் முதல் பொட்டலத்தை வாங்கிவிட்டு, "உப்புச் சப்பில்லாத சாப்பாடு" என்று அதோடு விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது நிஜமாகவே வருத்தமாக இருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மீன் வாங்கப் போனால் செவுளைத் தூக்கிப் பார், கண்ணைப் பார், விரலால் அமுக்கிப் பார் என்று அம்மா சொல்லிக் கொடுத்தாள். இங்கே அதெல்லாம் நடக்காது. மீன் மாவுச் சட்டை போட்டுக்கொண்டுதான் நம் கைக்கு வருகிறது. மீனைச் சோதிக்க வழியில்லை என்றால் கடையைத்தான் சோதிக்க வேண்டும். லீட்ஸில் சில வருடம், லண்டன் பக்கம் கிராய்டனில் இரண்டு வருடம், மறுபடி லீட்ஸ் என்று அலைந்ததில் நான் முதலில் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: பொரித்த மீன் எவ்வளவு நேரம் காத்திருக்கிறது?

எண்ணெயிலிருந்து எடுத்த மீன் கண்ணாடிச் சூட்டுப் பெட்டியில் உட்கார்ந்த நிமிடத்திலிருந்து கெடத் தொடங்குகிறது. உள்ளே இருக்கும் ஆவி வெளியேற வழியில்லாமல் மேல்மாவை ஈரமாக்கும். பஜ்ஜியை மூடி வைத்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும்தானே, அதேதான். எனவே கடைக்குள் நுழைந்ததும் அந்தப் பெட்டியைப் பாருங்கள். ஆளே இல்லாத கடையில் பத்து மீன் அடுக்கி வைத்திருந்தால் சத்தமில்லாமல் திரும்பி விடலாம். வரிசையில் எட்டுப் பேர் நிற்க, பெட்டியில் மூன்று மீன் இருந்தால் பரவாயில்லை, அவை ஐந்து நிமிடத்தில் போய்விடும். பெட்டி காலியாக இருந்து, "ஏழெட்டு நிமிடம் ஆகும், காத்திருக்கிறீர்களா?" என்று கேட்டால் அதைவிட நல்ல செய்தி இல்லை. கூட்டம் இல்லாத நேரத்தில் போனால் நீங்களே கேளுங்கள்: "எனக்குப் புதிதாகப் பொரித்துத் தர முடியுமா?" நல்ல கடைக்காரர் இதைக் கேட்டுக் கோபப்பட மாட்டார்.

அடுத்தது மூக்கு. கதவைத் திறந்ததும் சூடான எண்ணெயும் வினிகரும் கலந்த வாசனை வர வேண்டும். தொண்டையில் கமறினாலோ, பழைய எண்ணெயின் சிக்கு வாடை அடித்தாலோ அது பல நாள் மாற்றாத எண்ணெய். மீன் வாடை தூக்கலாக அடித்தாலும் சரியில்லை. நல்ல வெள்ளை மீன் அப்படி நாறாது.

எண்ணெய் என்று வரும்போது நம்மவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. யார்க்ஷயரிலும் வட இங்கிலாந்தின் பல பகுதிகளிலும் மாட்டுக் கொழுப்பை உருக்கி அதில்தான் பொரிப்பார்கள். 'பீஃப் டிரிப்பிங்' என்பார்கள். தெற்கே பெரும்பாலும் தாவர எண்ணெய், பாமாயில். ஒருமுறை தோழியின் அப்பா சென்னையிலிருந்து வந்திருந்தார், சுத்த சைவம். மீன் வேண்டாம், வெறும் சிப்ஸ்தானே என்று நான்தான் வாங்கிக் கொடுத்தேன். அவர் பாதி சாப்பிட்ட பிறகுதான் கல்லாவுக்குப் பின்னால் பெருமையாக எழுதி மாட்டியிருந்த பலகையைப் பார்த்தேன். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கடைக்காரர் எதையும் மறைக்கவில்லை, நான்தான் கேட்கவில்லை. அதனால் "எதில் பொரிக்கிறீர்கள்?" என்பது முதல் கேள்வியாக இருக்கட்டும். தாவர எண்ணெய் என்று சொன்னாலும், சிப்ஸுக்குத் தனிச் சட்டியா, மீன் பொரித்த அதே சட்டியா என்று சைவக்காரர்கள் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும். ஹலால் பார்ப்பவர்களுக்கும் இதே கேள்விகள்தான். மாட்டுக் கொழுப்பில் பொரித்ததைச் சாப்பிடுகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: அதன் மொறுமொறுப்பே தனி.

எங்கே தேடுவது? கைப்பேசியில் நட்சத்திரங்களைப் பார்ப்பதை நான் நிறுத்திப் பல காலம் ஆகிறது. வீட்டுக்குக் கொண்டுவரத் தாமதமானது, பொட்டலம் கிழிந்திருந்தது என்று பாதிக் குறைகள் மீனைப் பற்றியதாகவே இருக்காது. அதற்குப் பதில் பகல் பன்னிரண்டரைக்கு அந்தப் பக்கம் நடந்து போங்கள். கட்டட வேலைக்காரர்களின் வேன் வெளியே நிற்கிறதா? உள்ளே ஓய்வூதிய வயதுக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்களா? ஐம்பது வருடமாக இதைச் சாப்பிட்டு வளர்ந்த நாக்குகள் அவை, மட்டமான மீனுக்காக வெயிலிலும் மழையிலும் பேருந்து ஏறி வர மாட்டார்கள். முதியவர்களுக்கென்று மதியத்தில் சிறிய அளவு, குறைந்த விலை வைத்திருக்கும் கடை என்றால் எனக்கு உடனே நம்பிக்கை வந்துவிடும்.

கடற்கரை ஊருக்குப் போனால் அலைக்கு எதிரே இருக்கும் முதல் கடையில் நின்றுவிடாதீர்கள். சில அருமையானவைதான். ஆனால் ஒருமுறை வந்து போகிற சுற்றுலாக்காரர்களை நம்பியே பல கடைகள் ஓடுகின்றன. இரண்டு தெரு உள்ளே போய், உள்ளூர்க்காரர்கள் நிற்கும் வரிசையில் நில்லுங்கள்.

விலைப்பலகையும் நிறையச் சொல்லும். பீட்சா, கெபாப், பர்கர், கோழி எல்லாம் போட்டுக் கடைசியில் மீன் என்று இருந்தால், மீன் அங்கே மெதுவாகத்தான் நகரும். விதிவிலக்கு உண்டு, ஆனாலும் நான் சின்னப் பலகைக் கடைக்கே போவேன். வெறுமனே 'மீன்' என்று போட்டிருந்தால் என்ன மீன் என்று கேளுங்கள். யார்க்ஷயரில் ஹாடக், தோலை உரித்துப் பொரிப்பார்கள். லண்டனில் காட் என்ற மீன், பெரும்பாலும் தோலோடு. ஸ்காட்லாந்திலும் ஹாடக்தான். எடின்பரோவில் வினிகருக்குப் பதில் ஒரு பழுப்பு நிற சாஸை ஊற்றித் தருவார்கள். லண்டனிலும் தென்கிழக்கிலும் 'ராக்' என்று ஒன்று இருக்கும். அது சிறிய சுறா வகை. சுறாப்புட்டு சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு முள் தொல்லை இல்லாத அந்தச் சதை உடனே பிடித்துப் போகும். கிராய்டனில் இருந்தபோது காட் மீனின் சினையையும் மாவில் தோய்த்துப் பொரித்துக் கொடுப்பார்கள். லீட்ஸில் நான் ஏங்குவது அதற்குத்தான்.

மீன் உறைய வைத்ததா என்று கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். எனக்கும் முதலில் அது உறுத்தியது. ஆனால் இங்குள்ள கடைகளுக்கு வரும் காட், ஹாடக் பெரும்பாலும் நார்வே, ஐஸ்லாந்து பக்கத்துக் கடல்களிலும் பேரன்ட்ஸ் கடலிலும் பிடிபடுபவை. நல்ல கடைகள் வாங்குவது கப்பலிலேயே, பிடித்த சில மணி நேரத்துக்குள் வெட்டிச் சுத்தம் செய்து உறைய வைத்தது. நான்கு நாள் பனிக்கட்டியில் பயணம் செய்த 'புது' மீனைவிட அது எவ்வளவோ மேல்.

கதவில் பச்சையும் கறுப்புமாக ஒட்டியிருக்கும் சுகாதார மதிப்பெண்ணையும் பாருங்கள். 0 முதல் 5 வரை, உள்ளூராட்சி அதிகாரிகள் வந்து பார்த்துக் கொடுப்பது. வேல்ஸில் 2013 முதலும் வட அயர்லாந்தில் 2016 முதலும் அதைக் கட்டாயம் வெளியே காட்ட வேண்டும். இங்கிலாந்தில் கட்டாயம் இல்லை. அதனால் ஒட்டவில்லை என்றால் 'ஃபுட் ஸ்டாண்டர்ட்ஸ் ஏஜென்சி' என்ற உணவுத் தர முகமையின் தளத்தில் கடைப் பெயரைப் போட்டுத் தேடிவிடுங்கள். ஸ்காட்லாந்தில் எண் கிடையாது, தேர்ச்சியா, முன்னேற்றம் தேவையா என்று மட்டும்தான். இது சுவைக்கான மதிப்பெண் இல்லை. ஆனால் 2 வாங்கிய கடையில் நான் சாப்பிட மாட்டேன். சுவரில் விருதுச் சான்றிதழ் இருந்தால் வருடத்தைப் பாருங்கள். தேசிய மீன்-சிப்ஸ் விருதுகள் 1988 முதல் நடக்கின்றன, பத்து வருடத்துக்கு முந்திய சான்றிதழ் இன்றைய சமையல்காரரைப் பற்றி எதுவும் சொல்லாது.

கடை நடத்துபவரின் முகத்தை வைத்து மட்டும் தீர்மானிக்காதீர்கள். "அசல் வெள்ளைக்காரர் கடையா?" என்று நம்மவர்களே கேட்பதுண்டு. பொரித்த மீனை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவர்களே ஸ்பெயின், போர்ச்சுகல் வழிவந்த யூதக் குடியேறிகள்தான். 1860 வாக்கில் கிழக்கு லண்டனில் மீனையும் சிப்ஸையும் சேர்த்து விற்ற ஜோசப் மாலினும் யூதர்தான். (இல்லை, லங்காஷயரின் மாஸ்லியில் ஜான் லீஸ்தான் முதலில் விற்றார் என்று இங்கே வடக்கில் சண்டைக்கு வருவார்கள்.) பிறகு இத்தாலியர்கள், சைப்ரஸ்காரர்கள், சீனர்கள் எல்லாரும் இந்தத் தொழிலை வளர்த்தார்கள். நான் இப்போது வாராவாரம் போகும் கடையை ஒரு சீனக் குடும்பம் நடத்துகிறது. அம்மா கல்லாவில், மகன் எண்ணெய்ச் சட்டியில்.

சரி, கடை தேறிவிட்டது. முதல் தடவை ஒரே ஒரு பொட்டலம் மட்டும் வாங்குங்கள். இப்போது 10 பவுண்டை ஒட்டி ஆகிறது, லண்டனில் கூடுதலாகவே கேட்பார்கள். வீட்டுக்குக் கொண்டு போகாமல் வெளியே பெஞ்சிலேயே பிரியுங்கள். மீனை நடுவில் ஒடியுங்கள். ஒடிக்கும்போது சத்தம் கேட்க வேண்டும், ஆவி வர வேண்டும். மேல்மாவுக்கும் மீனுக்கும் நடுவில் வேகாத மாவு பசைபோல வெள்ளையாக ஒட்டியிருந்தால் எண்ணெய் சூடு போதவில்லை என்று அர்த்தம். சதை இதழ் இதழாகப் பிரிய வேண்டும், ரப்பர்போல இழுபடக் கூடாது. காகிதத்தில் எண்ணெய்த் திட்டு இருப்பது இயல்பு, குளம்போலத் தேங்கினால் அந்தக் கடை வேண்டாம். தட்டுக்கு வெளியே நீளும் பெரிய மீனைப் பார்த்து மயங்காதீர்கள். வால் பக்கத்து மெல்லிய துண்டில் மாவுதான் அதிகம் இருக்கும். சின்னதாக இருந்தாலும் நடுப்பகுதி தடிப்பாக இருப்பதே நல்லது.

சிப்ஸ் விஷயத்தில் நம் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். இது பர்கர் கடையின் மெல்லிய மொறுமொறு சிப்ஸ் இல்லை. தடியாக, ஓரம் லேசாக மொறுமொறுத்து, உள்ளே மாவாக உடைய வேண்டும். எல்லாத் துண்டும் ஒரே அளவில் அச்சில் வார்த்த மாதிரி இருந்தால் பையில் வந்த உறைந்த சிப்ஸாக இருக்கும். பின்கதவுப் பக்கம் கிழங்கு மூட்டை தெரிந்தால் நல்ல அடையாளம். மாரிஸ் பைப்பர் என்ற ரகத்தைத்தான் பலர் விரும்புகிறார்கள். ஒரு நல்ல கடையை ஜூன், ஜூலையில் போய்ப் பார்த்து வெறுத்துவிடாதீர்கள். பழைய கிழங்கு முடிந்து புதுக் கிழங்கு வரும் காலம் அது. நீரும் சர்க்கரையும் அதிகம் என்பதால் சிப்ஸ் சீக்கிரம் கறுத்து, தொளதொளவென்று ஆகிவிடும். அக்கறையுள்ள சில கடைகள் அதை எழுதியே ஒட்டி வைக்கும். செப்டம்பருக்கு அப்புறம் இன்னொரு தடவை போங்கள்.

எந்த நாள், எந்த நேரம் என்றால், வெள்ளி மாலை எண்ணெய் சூடு ஆறாமல் மீன் பறந்துகொண்டே இருக்கும், ஆனால் வரிசை நீளம். புனித வெள்ளியன்று முதல் தடவை போகவே வேண்டாம், வருடத்திலேயே அதிகக் கூட்டம் அன்றுதான். ஞாயிறும் திங்களும் பல கடைகள் மூடியிருக்கும். எனக்குப் பிடித்தது வியாழன் மாலை ஐந்தரை.

"உப்பு, வினிகர் போடவா லவ்?" என்று கேட்பார்கள். ('லவ்' என்பது இங்கே 'கண்ணு' மாதிரி ஒரு செல்ல விளி.) அங்கேயே சாப்பிடுவதாக இருந்தால் தாராளமாகப் போடச் சொல்லுங்கள். வீட்டுக்கு எடுத்துப் போவதாக இருந்தால் உப்பு மட்டும் போதும், வினிகரை வீட்டில் ஊற்றிக்கொள்ளலாம், இல்லையென்றால் வழியிலேயே நமுத்துவிடும். யார்க்ஷயரில் 'ஸ்கிராப்ஸ்' கேட்க மறக்காதீர்கள். எண்ணெயில் உதிர்ந்த மாவுத் துணுக்குகள், பெரும்பாலும் காசு வாங்காமலே அள்ளிப் போடுவார்கள். மசித்த பட்டாணி முதலில் பிடிக்காமல் போகலாம், மூன்றாவது தடவைக்குள் பிடித்துவிடும். காரில் போனால் அட்டைப் பெட்டியின் மூடியைத் திறந்தே வையுங்கள், கண்ணாடியையும் கொஞ்சம் இறக்கிவிடுங்கள். வீட்டில் ஊறுகாயையும் பச்சை மிளகாயையும் முன்கூட்டியே எடுத்து வைத்துவிடுங்கள், தேடுகிற நேரத்தில் மீன் ஆறிவிடும்.