கல்லூரி ஃபுட்பால் சீசனை ஒரே அணியோடு கடைசிவரை பின்தொடர்வது எப்படி

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் உச்சப் பிரிவில் மட்டும் 130க்கும் மேற்பட்ட அணிகள் ஆடுகின்றன. எல்லாவற்றையும் பார்க்கப் போனால் எதுவும் மனசில் நிற்காது. ஒரு அணியைப் பிடித்துக்கொண்டு ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஜனவரி வரை கூடவே போனால் விதி, ரேங்கிங், பிளேஆஃப் (சாம்பியனைத் தீர்மானிக்கும் கடைசிக்கட்ட நாக்அவுட் ஆட்டங்கள்) கணக்கு எல்லாம் போகப்போகப் பிடிபடும். இங்கே உதாரணமாக எடுத்துக்கொள்வது 2024-ல் ஒஹாயோ ஸ்டேட் ஆடிய சீசன். வழக்கமான சீசனில் 10 வெற்றி, 2 தோல்வி. அப்புறம் தேசிய சாம்பியன். வெற்றி தோல்விக் கணக்கை மட்டும் வைத்து ஒரு அணியை எடைபோட்டால் எங்கே சறுக்கும் என்பதற்கு அருமையான பாடம் இது.

முதல் வேலை அட்டவணையை அச்செடுப்பது. மொத்தம் 12 ஆட்டம். ஒஹாயோ ஸ்டேட் இருக்கும் பிக் டென் கான்ஃபரன்ஸில் (அணிகளின் கூட்டமைப்பு) 9 ஆட்டம் உள்ளுக்குள், 3 வெளி அணிகளோடு. வெளியூர் ஆட்டங்களையும் ஓய்வு வாரங்களையும் வட்டமிடுங்கள். 2024-ல் ஒஹாயோ ஸ்டேட் வெளி அணிகளோடு ஆடிய மூன்று ஆட்டமும் சொந்த மைதானத்தில்: ஆக்ரன் 52-6, வெஸ்டர்ன் மிச்சிகன் 56-0, மார்ஷல் 49-14. இந்த ஸ்கோர்களை வைத்து அணியின் பலத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. ஆனால் இவற்றை விட்டுவிடவும் கூடாது. யார் எந்த எண், ஆஃபென்சிவ் லைனில் (பந்து வைத்திருக்கும் அணிக்காக எதிராளிகளை மறிக்கும் முன்வரிசை) நிற்கும் ஐந்து பேர் யார், முதல் ஆள் வெளியே வந்தால் உள்ளே போவது யார் என்பதை நிதானமாக எழுதிக்கொள்ள இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

இந்தியாவிலிருந்து பார்ப்பவர்கள் நேரத்தில்தான் ஏமாறுவார்கள். அட்டவணை பெரும்பாலும் கிழக்கு அமெரிக்க நேரத்தில் இருக்கும். நவம்பர் முதல் ஞாயிறு வரை அதோடு ஒன்பதரை மணி நேரம் கூட்ட வேண்டும், அதற்குப் பிறகு பத்தரை. அதாவது 2024 நவம்பர் 2-ம் தேதி பகல் 12 மணிக்குத் தொடங்கிய பென் ஸ்டேட் ஆட்டம் நமக்கு இரவு 9.30, அடுத்த வாரம் அதே பகல் 12 மணிக்குத் தொடங்கிய பர்டூ ஆட்டம் இரவு 10.30. மாலை 7.30 ஆட்டம் என்றால் அக்டோபரில் ஞாயிறு காலை 5 மணி. நிறைய ஆட்டங்களின் நேரத்தை டிவிக்காரர்கள் 12 நாளுக்கு முன்போ 6 நாளுக்கு முன்போதான் முடிவு செய்வார்கள். அதனால் சீசன் முழுவதற்கும் ஒரேயடியாக அலாரம் வைக்காதீர்கள், ஒவ்வொரு வாரமும் திங்கட்கிழமை சரிபாருங்கள்.

ஆட்டத்தின்போது நோட்டில் ஐந்தே விஷயம் போதும்: ஒரு பிளேவுக்கு (ஒரு முறை பந்தை நகர்த்தும் முயற்சி) சராசரி எத்தனை யார்டு, பந்தை எத்தனை முறை பறிகொடுத்தார்கள், மூன்றாவது டவுனில் (10 யார்டு நகர்த்தக் கிடைக்கும் நான்கு வாய்ப்பில் மூன்றாவது) எத்தனை முறை தேறினார்கள், எதிரணியின் 20 யார்டுக்குள் போன ஒவ்வொரு முறையும் என்ன கிடைத்தது, லைனில் யார் மாறினார்கள். ஓட்ட யார்டு கணக்கில் ஒரு பொறி உண்டு. கல்லூரி ஆட்டத்தில் குவார்ட்டர்பேக் (பந்தை வாங்கி வீசி ஆட்டத்தை நடத்துபவர்) சேக் ஆகி, அதாவது வீசுவதற்குள் பின்னாலேயே வீழ்த்தப்பட்டு, இழக்கும் யார்டையும் ஓட்டக் கணக்கிலேயே கழித்துவிடுவார்கள். தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் அப்படி இல்லை. ஓட்டம் உண்மையில் எப்படி இருந்தது என்று தெரிய, சேக்குகளைத் தனியாகப் பிரித்துவிட்டு வகுத்துப் பாருங்கள். ஸ்கோர் வித்தியாசம் 30, 40 புள்ளி கடந்துவிட்டால், கடைசி குவார்ட்டர் எண்களைச் சேர்க்காதீர்கள். அப்போது ஆடுவது மாற்று ஆட்கள்.

கடிகாரத்தையும் கவனிக்கப் பழக வேண்டும். 2023 முதல், ஃபர்ஸ்ட் டவுன் எடுத்தாலும் (10 யார்டு கடந்து புதிதாக நான்கு வாய்ப்பு பெற்றாலும்) கடிகாரம் நிற்காது. ஒவ்வொரு பாதியின் கடைசி 2 நிமிடத்தில் மட்டும் நிற்கும். 2024 அக்டோபர் 12 ஓரிகன் ஆட்டத்தின் முடிவைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். ஓரிகன் 32-31 முன்னிலை, 10 வினாடி பாக்கி. பந்து ஒஹாயோ ஸ்டேட்டிடம். ஓரிகன் 11 பேருக்குப் பதில் 12 பேரோடு தடுத்தது. தண்டனை 5 யார்டுதான், ஆனால் கடிகாரத்தில் 4 வினாடி போய்விட்டது. அடுத்த பிளேயில் ஒஹாயோ ஸ்டேட் குவார்ட்டர்பேக் வில் ஹவர்டு ஓடி, சறுக்கி உட்காரும்போது நேரம் முடிந்தது. கைவசம் ஃபீல்டு கோல் (பந்தை உதைத்து எடுக்கும் 3 புள்ளி) தூரம் இருந்தும் உதைக்க வினாடி இல்லை. சில நாளில் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ அந்த ஓட்டையை அடைத்தது: வேண்டுமென்றே செய்தால் நேரத்தைத் திருப்பி வைக்கலாம் என்றது.

அதே இரவில் அந்த ஒரு புள்ளி தோல்வியைவிடப் பெரிய இழப்பு இன்னொன்று: லைனின் இடது ஓரத்தில் நிற்கும் லெஃப்ட் டாக்கிள் ஜோஷ் சிம்மன்ஸுக்கு முழங்கால் காயம். நவம்பரில் நடுவில் நிற்கும் சென்டர் செத் மெக்லாஃப்லினும் பயிற்சியில் அடிபட்டு வெளியேறினார். கார்டாக (சென்டருக்கும் டாக்கிளுக்கும் இடையே நிற்பவர்) இருந்த டோனவன் ஜாக்சன் டாக்கிளுக்கு நகர்ந்தார். டிவியில் கேமரா பந்தின் பின்னாலேயே ஓடுவதால் இந்த மாற்றங்கள் கண்ணில் படாது. ஸ்னாப்புக்கு (சென்டர் பந்தைப் பின்னால் கொடுத்து பிளேவைத் தொடங்குவது) முன்னால் பந்தை விட்டுவிட்டு அந்த ஐந்து எண்களைப் படியுங்கள். நவம்பர் 30 அன்று, இருபது புள்ளி அளவுக்கு வெல்லும் என்று எதிர்பார்க்கப்பட்ட அணி சொந்த மண்ணில் மிச்சிகனிடம் 13-10 என்று தோற்றது. ஓட்டத்தில் கிடைத்தது 77 யார்டு மட்டும். இரண்டு ஃபீல்டு கோல் தவறியது. லைனைக் கவனித்து வந்தவருக்கு ஓட்டம் அடைபட்டது பெரிய ஆச்சரியமாக இருந்திருக்காது. நடுவிலேயே மறுபடி மறுபடி மோதியதுதான் புரியாத விஷயம்.

ரேங்கிங்கைப் பற்றிச் சுருக்கமாக. ஏபி (அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம்) ரேங்கிங் பத்திரிகையாளர்களின் வாக்கு. ஆகஸ்டில் வருவது வெறும் எதிர்பார்ப்பு. பிளேஆஃபுக்கு எண்ணுவது 13 பேர் குழு நவம்பரிலிருந்து செவ்வாய்க்கிழமைகளில் வெளியிடும் பட்டியல். 2024-ல் முதன்முறையாக 12 அணி: ரேங்கிங்கில் முன்னிற்கும் 5 கான்ஃபரன்ஸ் சாம்பியன்கள், மீதி 7 இடம் குழுவின் தேர்வு. பிக் டென் இறுதிக்கே போகாத ஒஹாயோ ஸ்டேட் 8-வது இடத்தில் உள்ளே வந்தது இந்த வழியில்தான். அந்த வருஷம் முதல் சுற்றில் ஓய்வு பெற்ற நான்கு அணிகளும் காலிறுதியிலேயே தோற்றன. முதல் நான்கு இடம் சாம்பியன்களுக்கே என்ற விதி 2025-ல் போய், நேரடி ரேங்கிங் வரிசை வந்தது. பழைய விளக்கங்களைப் படிப்பவர்கள் குழம்புவது இங்கேதான்.

பிளேஆஃப் ஆட்டங்களுக்கு நோட்டில் புதுப் பக்கம் தொடங்குங்கள். மூன்று வாரம் கழித்து வரும் அணி வேறு மாதிரி ஆடும். ஒஹாயோ ஸ்டேட் வரிசையாக வென்றவை: டென்னசி 42-17, ஓரிகனோடு ரோஸ் பௌலில் ஒரு கட்டத்தில் 34-0 என்று போய் 41-21, டெக்ஸஸ் 28-14, ஜனவரி 20 அன்று அட்லாண்டாவில் நோட்டர் டேம் 34-23. டெக்ஸஸ் ஸ்கோரைப் பார்த்தால் சுலபமாகத் தெரியும். உண்மையில் 21-14 இருக்கும்போது டெக்ஸஸ் 1 யார்டு கோட்டில் நின்றது. ஒரு டாஸ் பிளேயில் (பந்தைப் பக்கவாட்டில் தூக்கிப்போட்டு ஓடவிடுவது) 7 யார்டு பின்னால் போனது. நான்காவது டவுனில் ஒஹாயோ ஸ்டேட்டின் ஜாக் சாயர் பந்தைத் தட்டிப் பறித்து 83 யார்டு ஓடினார். அதனால் ஸ்கோரோடு டவுனையும் பந்து நின்ற இடத்தையும் சேர்த்தே குறியுங்கள்.

இறுதி ஆட்டத்தோடு நோட்டை மூடிவிட வேண்டாம். 2025 என்எஃப்எல் டிராஃப்டில் (தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பது) அந்த அணியிலிருந்து 14 பேர் போனார்கள். டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்களின் பட்டியல்) வழியாக வருவோரும் போவோரும் தனி. ஹவர்டே கான்சஸ் ஸ்டேட்டிலிருந்து வந்தவர்தான். லைனின் ஐந்து பெயரையும் குவார்ட்டர்பேக் பெயரையும் ஏப்ரல் கடைசியில் ஒருமுறை, ஆகஸ்டில் ஒருமுறை புதிதாக எழுதுங்கள். அதற்கப்புறம் அடுத்த அட்டவணையை அச்செடுக்கலாம்.