குடல் அழற்சி நோயோடு வாழும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலத்தில் முதன்முதலாக ரத்தம் பார்த்தபோது குமரி மாவட்டம் தக்கலையில் எங்கள் வீட்டில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான். "அது மூலமாக்கும் மக்களே, துத்தி இலையை வதக்கிச் சாப்பிடு, நாலு நாள் மோர் குடி." சாப்பிட்டேன், குடித்தேன். 8 மாதம் போனது, 11 கிலோ எடை குறைந்தது. கடைசியில் ஆசனவாய் வழியாகக் கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபி செய்து, சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்த பிறகுதான் அது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று தெரிந்தது. பெருங்குடலின் உள்தோல் முழுக்கப் புண். இப்போது 12 வருடம் ஆகிறது. இடையில் நான் செய்த தவறுகளும் உண்டு, ஆஸ்பத்திரி வராந்தாவில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் சொன்னவையும் உண்டு.

முதல் தவறு அந்த மூலக்கதைதான். மூலத்தில் பெரும்பாலும் மலம் போன பிறகு ரத்தம் தனியாகச் சொட்டும். குடல் அழற்சியில் ரத்தமும் சளியும் மலத்தோடு கலந்து வரும், ஒரு நாளில் பல தடவை அவசரமாக ஓட வேண்டியிருக்கும், போய்வந்த பிறகும் போகாதது போலவே இருக்கும். ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வயிற்றுப்போக்கை ஒருநாளும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பதற்றத்தால் வயிறு கலங்குபவர்களுக்குப் பொதுவாக அப்படி நடப்பதில்லை. சீதபேதி என்று மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி, ஒரு வாரம் குறைந்து, மறுபடி தொடங்குகிறது என்றால் குடல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

இதே குடல் அழற்சிக் குடும்பத்தில் இன்னொரு நோய் க்ரோன். வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரலாம், குடல் சுவரின் எல்லா அடுக்குகளையும் தொடும். பெரும்பாலும் சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தில் உட்காரும். நம் நாட்டில் குடல் காசநோயும் அதே இடத்தில்தான் அதிகம் வரும், பார்வைக்கும் ஒன்றுபோலவே இருக்கும். காசநோய் இருப்பது தெரியாமல், அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்து கொடுத்தால் அது பரவிவிடும். அதனால் பரிசோதனை முடிவு வரட்டும் என்று மருத்துவர் காக்க வைத்தால் கோபித்துக்கொண்டு வேறு இடத்துக்கு ஓடாதீர்கள்.

அடுத்தது நான் செய்த பெரிய தவறு. மெசலமின் மாத்திரை தொடங்கி 5 மாதத்தில் ரத்தம் நின்றது, எடை ஏறியது, குலசேகரம் வரை பைக்கில் போய் வந்தேன். சரி, குணமாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்தினேன். யாரிடமும் கேட்கவில்லை. மூன்றாவது மாதம் ஒரு காலையில் 7 தடவை ரத்தமாகப் போனது. பழைய நிலைக்குத் திரும்ப ஒரு வருடம் பிடித்தது. இந்த நோய் அடங்கும், ஆனால் உள்ளே இருக்கும். அடங்கியிருப்பதற்குக் காரணமே அந்த மாத்திரைதான். நன்றாக இருக்கும் நாளில் மாத்திரையைக் கையில் எடுப்பது எவ்வளவு அலுப்பு என்று எனக்குத் தெரியும். எடுங்கள். விழுங்கச் சிரமம் என்று பொடித்துப் போடாதீர்கள். குடலுக்குப் போன பிறகு கரையும்படி அதற்கு மேல்பூச்சு போட்டிருக்கிறார்கள்.

ஆசனவாய் வழியாக வைக்கும் எனிமாவையும் மருந்துக்குளிகையையும் வெட்கப்பட்டு அலமாரியில் பூட்டி வைப்பவர்கள் நிறைய. கொலைட்டிஸ் மலக்குடலில் தொடங்கி மேலே ஏறும் நோய். வாயால் சாப்பிடும் மருந்து அந்தக் கடைசிப் பகுதிக்குப் போதுமான அளவு போய்ச் சேராமல் இருக்கலாம். இரண்டும் சேரும்போது பலன் கூடும். ராத்திரி படுக்கும்முன் இடது பக்கம் சாய்ந்து படுத்து வைத்துக்கொண்டால் மருந்து உள்ளே தங்கும்.

ஸ்டீராய்டு விஷயத்தில் தவறு இரண்டு திசையிலும் நடக்கிறது. பயந்து திடீரென நிறுத்துவது ஒன்று. சில வாரங்கள் சாப்பிட்டதும் உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டைக் குறைத்துக்கொள்ளும். அதனால் மருத்துவர் சொல்கிற கணக்கில் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். மற்றது, பழைய சீட்டைக் காட்டி ஒவ்வொரு தடவையும் தானாகவே வாங்கிச் சாப்பிடுவது. முகம் உப்பும், பார்ப்பவர்கள் "நல்லா தேறிட்டியே" என்பார்கள். உள்ளே எலும்பு தேயும், சர்க்கரை ஏறும். ஸ்டீராய்டு தீயை அணைக்கத்தான். அதை நிறுத்தியதும் நோய் கிளம்புகிறது என்றால் நோய் எதிர்ப்பைத் தணிக்கும் அசத்தியோப்ரின் போன்ற மருந்தோ, உயிரியல் ஊசியோ தேவைப்படலாம். அசத்தியோப்ரினுக்கு ரத்த அணுக்களின் எண்ணிக்கையை அடிக்கடி பார்க்க வேண்டும். இன்ஃப்ளிக்ஸிமாப், அடலிமுமாப் போன்ற உயிரியல் ஊசிகளுக்கு முன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம்.

நம் மாவட்டத்தில் வைத்தியம் என்றால் வர்ம வைத்தியம் பார்க்கும் ஆசான்மார் நினைவு வராமல் இருக்காது. சுளுக்குக்கும் வர்ம அடிக்கும் நானே போயிருக்கிறேன், அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் பேதிக்குக் குடித்து வயிற்றைச் சுத்தம் செய்யும் பழக்கம் புண்ணான குடலுக்கு ஆகாது. விளக்கெண்ணெயும் வேண்டாம். என்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதாத பொடி எதையும் தொடாதீர்கள். சித்த மருந்து சாப்பிடுவதாக இருந்தால் குடல் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

வலி மாத்திரை இன்னொரு கண்ணி. விடியுமுன் ரப்பர் வெட்டப் போகிறவருக்கும், தூத்தூரிலிருந்து வாரக்கணக்கில் ஆழ்கடலுக்குப் போகிறவருக்கும் முதுகும் முட்டும் வலிக்காமல் இருக்குமா? டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் வாங்கிப் போடுகிறார்கள். அவை குடலைக் கிளறிவிடக்கூடியவை. இதில் வருத்தமான ஒன்று, மூட்டுவலியே குடல் நோயின் வெளி அடையாளமாக இருக்கலாம். குடலால் வந்த முட்டுவலிக்கு, குடலைக் கெடுக்கும் மாத்திரை! காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால் பொதுவாகப் பாதுகாப்பானது. கண் சிவந்து வலித்தாலும் சொல்லிவிடுங்கள், அதுவும் இந்த நோயோடு சேர்ந்து வருவதுண்டு. க்ரோன் உள்ளவர் பீடி, சிகரெட்டை விட்டே ஆக வேண்டும். புகை அந்த நோயை மோசமாக்கும்.

சாப்பாட்டில் நான் அதிகம் பார்ப்பது பட்டினி. ஆளாளுக்கு ஒன்றைச் சொல்ல, மீன் கிடையாது, பால் கிடையாது, தேங்காய் கிடையாது என்று கடைசியில் கஞ்சியோடு நிற்கிறார்கள். ரத்தமும் புரதமும் இழந்த உடம்புக்கு இது தண்டனை. எல்லோருக்கும் பொருந்தும் பத்தியம் என்று ஒன்று இந்த நோய்க்குக் கிடையாது. நோய் கிளம்பியிருக்கும்போது நன்றாகக் குழைந்த பச்சரிசிக் கஞ்சி, தோல் இல்லாத பயறு, அவித்த ஏத்தன் (நேந்திரன்) பழம், காந்தாரி மிளகு போடாமல் வேகவைத்த மீன், முட்டை. சிவப்பரிசி, தவிடு, பச்சைக்காய் எல்லாம் அடங்கிய பிறகு வரட்டும். அப்போது மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன் கறியும் எனக்கு ஒத்துக்கொள்கின்றன, இன்னொருவருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஒரு நோட்டில் எழுதிவைத்தால் இரண்டு மாதத்தில் உங்கள் வயிறு உங்களுக்குப் பிடிபடும். பால் ஒத்துக்கொள்ளாத சிலருக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும். க்ரோனால் குடல் சுருங்கியிருப்பவர்கள் மட்டும் சக்கை (பலா), முருங்கைக்காய் மாதிரி நாருள்ளவற்றில் மிகக் கவனமாக இருக்க வேண்டும், அடைத்துக்கொள்ளும்.

கல்யாண வீட்டுக்குப் போக வேண்டும் என்று முந்தின நாளே சாப்பாட்டை நிறுத்துவது, சென்னை ரயிலுக்கு முன் லோபரமைடு போட்டு வயிற்றைக் கட்டுவது, இரண்டையும் செய்திருக்கிறேன். நோய் கடுமையாக இருக்கும்போது அந்த மாத்திரை பெருங்குடலை ஆபத்தாக வீங்க வைக்கலாம். இப்போது கழிவறைக்குப் பக்கத்துப் படுக்கையைக் கேட்டு வாங்குகிறேன், ஒரு மாற்று உடை, உப்புச்சர்க்கரைக் கரைசல். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டிய 6 கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு. டீக்கரண்டி கணக்கு. போட்டில் போகிறவர்கள் திரும்பும் நாளுக்கு மேலும் சில நாள் மாத்திரை கொண்டுபோங்கள், கூட இருப்பவர் ஒருவருக்காவது விஷயம் தெரியட்டும். இது தொற்றாது.

பெண் பார்க்கும் வீடுகளில் மறைப்பது எனக்கு மனசு கேட்காத விஷயம். நோய் அடங்கியிருக்கும் காலத்தில் கருத்தரித்தால் பெரும்பாலானவர்களுக்கு நல்லபடியாக நடக்கும். கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்து மாத்திரையை நிறுத்துவதால்தான் பல பெண்களுக்கு நோய் கிளம்புகிறது. மெசலமினைப் பொதுவாகத் தொடரலாம். ஆனால் மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்து கருத்தரிப்பதற்குப் பல மாதம் முன்பே நிற்க வேண்டும். ஆண்களுக்கு சல்ஃபாசலசின் என்ற மாத்திரை விந்தணுவைக் குறைக்கும், மருந்தை மாற்றினால் திரும்ப வரும். இதையெல்லாம் கல்யாணத்துக்கு முன்பே மருத்துவரிடம் பேசிவிடலாமே.

நோய் வந்து 8 வருடம் ஆனதும் தொந்தரவே இல்லாவிட்டாலும் கொலனோஸ்கோபி பார்க்கத் தொடங்குங்கள். பெருங்குடலில் நெடுநாள் அழற்சி இருந்தால் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடும், தொடக்கத்திலேயே கண்டுபிடிக்க வேறு வழி கிடையாது.

அப்புறம், காத்திருக்கக் கூடாத நேரம். ஒரு நாளில் 6 தடவையோ அதற்கு மேலோ ரத்தமாகப் போய், கூடவே காய்ச்சல் இருந்தாலோ நாடி 90-க்கு மேல் போனாலோ, வயிறு வீங்கிக் கல்லானாலோ, வாந்தி எடுத்துக் காற்றும் பிரியாமல் நின்றாலோ விடியட்டும் என்று படுக்காதீர்கள். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கோ, கேரள எல்லைப் பக்கம் இருப்பவர்கள் திருவனந்தபுரத்துக்கோ உடனே வண்டி பிடியுங்கள். கொலனோஸ்கோபி அறிக்கையையும், சாப்பிடுகிற மாத்திரைகளின் பட்டியலையும் ஒரு பையில் போட்டுக் கதவுக்குப் பின்னால் மாட்டி வைத்திருங்கள். அந்த நேரத்தில் தேட முடியாது.