கண்ணீர் அஞ்சலி வாசகம்: எந்த வீட்டுக்கு எந்தச் சொல்

இறப்புச் செய்தி வந்த சில மணி நேரத்தில் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டியாக வேண்டும். அச்சகத்தில் இருக்கும் பழைய மாதிரியில் பெயரையும் படத்தையும் மட்டும் மாற்றினால், வாசகம் வேறொரு வீட்டுடையதாகிவிடும். இறந்தவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று அந்தக் குடும்பம் நம்புகிறதோ, அதைச் சொல்வது அந்த ஒற்றை வரிதான். தவறாக இருந்தால் வீட்டார் மனம் புண்படும்.

இந்து, கிறிஸ்தவர் என்று தெரிந்துகொண்டால் மட்டும் போதாது. சைவர் வீட்டில் 'சிவபதம் அடைந்தார்', 'சிவனடி சேர்ந்தார்' என்று எழுத வேண்டும். வைணவருக்கு 'பரமபதம் அடைந்தார்', 'வைகுண்ட பதவி அடைந்தார்'. கடவுள் மறுப்பாளராக வாழ்ந்தவருக்கு இவை எதுவும் வேண்டாம். 'இயற்கை எய்தினார்' என்பதே அவருக்குச் செய்யும் மரியாதை.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று உண்டு. மேலே 'சிவபதம் அடைந்தார்' என்று போட்டுவிட்டு, கீழே 'அடுத்த பிறவியிலும் நீங்களே எங்கள் அப்பாவாக வர வேண்டும்' என்று எழுதுகிறார்கள். சிவனடி சேர்வது என்றால் வினை தீர்ந்து, பிறவி அறுவது. மறுபடி பிறக்கச் சொல்வது அதற்கு நேர் எதிர். பிள்ளைகளின் ஏக்கம் புரிகிறது. ஆனாலும் இரண்டில் ஒன்றைத்தான் வைக்க வேண்டும்.

கிறிஸ்தவ வீட்டில் மறுபிறவியைக் குறிக்கும் எந்தச் சொல்லும் கூடாது. மனிதருக்கு இறப்பு ஒரே முறை, அதன்பின் தீர்ப்பு என்கிறது எபிரேயர் 9:27. ஆனால் சபைக்குச் சபை ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. மோட்சத்துக்குப் போகுமுன் ஆன்மா தூய்மை பெறும் உத்தரிக்கிற ஸ்தலம் உண்டென்று கத்தோலிக்கர் நம்புகிறார்கள். அதனால்தான் இறந்தவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறார்கள். நவம்பர் 2 அன்று கல்லறைகளை மந்திரிக்கிறார்கள், அதாவது ஆசீர்வதிக்கிறார்கள். 'நித்திய இளைப்பாற்றியை அளித்தருளும் ஆண்டவரே' என்ற வேண்டுதல் அவர்களுக்குப் பொருந்தும். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), லுத்தரன், பெந்தெகொஸ்தே போன்ற சீர்திருத்த சபை வீடுகளில் அதை எழுதாதீர்கள். அவர்கள் உத்தரிக்கிற ஸ்தலத்தை ஏற்பதில்லை. 'ஆன்மா சாந்தியடையப் பிரார்த்திக்கிறோம்' என்பதும் அங்கே உறுத்தும், விசுவாசி ஏற்கெனவே கர்த்தரிடம் இளைப்பாறுகிறார் என்பது அவர்கள் நம்பிக்கை. 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று எழுதுங்கள். உயிர்த்தெழுதல் நாளில் விழிப்பு உண்டு என்ற நம்பிக்கை 'நித்திரை' என்ற சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

வசனம் போடுவதானால் மொழிபெயர்ப்பையும் பாருங்கள். யோவான் 11:25, சீர்திருத்த சபையார் படிக்கும் வேதாகமத்தில் 'நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்' என்றிருக்கும். கத்தோலிக்கரின் திருவிவிலியத்தில் 'உயிர்த்தெழுதலும் வாழ்வும் நானே'. அந்த வீட்டில் இருக்கும் புத்தகத்தைப் பார்த்தே எழுதிக்கொள்ளுங்கள். 'தோற்றம்', 'மறைவு' என்ற தலைப்புகளை எல்லா வீட்டுக்கும் போடலாம்.

தேதியிலும் கவனம் தேவை. கிறிஸ்தவருக்கு நினைவு நாள் நாட்காட்டித் தேதிப்படி வரும். திவசம் கொடுக்கும் இந்துக் குடும்பங்களில் மாதம், வளர்பிறையா தேய்பிறையா, திதி ஆகியவற்றைக் கொண்டு நாள் குறிப்பார்கள். திதி நள்ளிரவில் மாறுவதில்லை. நாளின் எந்த நேரத்திலும் மாறலாம். ஆகவே இறந்த நேரத்தை அன்றே மணி, நிமிடத்தோடு குறித்துவையுங்கள். பதினாறாம் நாள் காரியத்தை அச்சிடுமுன், இறந்த நாளையும் சேர்த்து எண்ணுவதா என்று பெரியவர்களிடம் கேளுங்கள். வழக்கம் குடும்பத்துக்குக் குடும்பம் மாறும்.

கணவர் இந்து, மனைவி கிறிஸ்தவர் என்றால், இறந்தவர் எந்த நம்பிக்கையில் வாழ்ந்தாரோ அதன்படி எழுதுங்கள். உறவினரிடையே அதில் கருத்து வேறுபாடு இருந்தால், பெயர், தோற்றம், மறைவு, 'கண்ணீர் அஞ்சலி' இவற்றோடு நிறுத்திவிடுங்கள்.