வெப்பப் பம்பு வாங்குமுன் எந்த எண்ணைப் பார்ப்பது?

பிரிட்டனிலோ ஜெர்மனியிலோ வீட்டைச் சூடாக்கும் எரிவாயு பாய்லரை எடுத்துவிட்டு, வெளிக்காற்றின் வெப்பத்தை உறிஞ்சித் தண்ணீரைச் சூடாக்கும் பம்பைப் பொருத்தப் போகிறீர்களா? விளம்பரத் தாளில் கொட்டை எழுத்தில் இருக்கும் 'சி.ஓ.பி. 5' (ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஐந்து யூனிட் வெப்பம்) என்பதைக் கண்டு மயங்கிவிடாதீர்கள். பக்கத்திலேயே பொடி எழுத்தில் ஏ7/டபிள்யூ35 என்று இருக்கும். வெளியே 7 டிகிரி, குழாயில் போகும் தண்ணீர் 35 டிகிரி என்று பொருள். தரைக்கடியில் வெப்பக் குழாய் பதித்த வீட்டுக்கு அது பொருந்தும். பழைய, சிறிய ரேடியேட்டர்கள் (வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் தகடுகள்) உள்ள வீட்டுக்குக் கடுங்குளிரில் 50, 55 டிகிரி தேவைப்படும். அங்கே அந்த 5 கிடைக்கவே கிடைக்காது.

ஆகவே வீட்டைச் சூடாக்க வேண்டிய குளிர்பருவம் முழுவதற்குமான சராசரியான எஸ்.சி.ஓ.பி. எண்ணை, அதுவும் 55 டிகிரிக்கு உரியதை, கேட்டு வாங்கி ஒப்பிடுங்கள். ஆண்டுக்கு 12,000 யூனிட் வெப்பம் வேண்டிய வீட்டில் அது 4 என்றால் மின்சாரச் செலவு 3,000 யூனிட். 3 என்றால் 4,000. ஒவ்வோர் ஆண்டும் ஆயிரம் யூனிட் வேறுபாடு!

மோனோபிளாக்கா (எல்லாம் வெளியே ஒரே பெட்டியில்), ஸ்பிளிட்டா (வெளியே ஒரு பெட்டி, உள்ளே ஒரு பெட்டி) என்று மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். திறனில் அது பெரிய வேறுபாடு செய்வதில்லை. தேவைக்கேற்ப வேகத்தை மாற்றிக்கொள்ளும் இன்வெர்ட்டர் கம்பிரசர்தானா, எவ்வளவு குறைந்த வேகம் வரை இறங்கி ஓடும் என்று கேளுங்கள். தேவைக்கு மேல் பெரிய பம்பு, குளிர் தணிந்த நாட்களில் நின்று நின்று ஓடி மின்சாரத்தைத் தின்னும்.

வெப்பத்தைக் கடத்தும் குளிர்பொருளாகப் புரொப்பேனை (ஆர்290) நிரப்பிய வகை 70 டிகிரி வரைகூடச் சூடாக்கும். முடியும் என்பதற்காக அப்படி ஓட்டாதீர்கள். தண்ணீரின் சூட்டை ஒரு டிகிரி குறைத்தால் ஏறத்தாழ 2 சதவீதம் மிச்சம். அதிகம் குளிரும் அறையில் மட்டும் பெரிய ரேடியேட்டர் மாற்றினாலே பல வீடுகளில் 45 டிகிரிக்கு இறங்கிவிடலாம்.