அம்மாவின் பென்ஷன் எந்தத் தலைப்பில்?

அப்பா தவறிய பிறகு 2024-25 நிதியாண்டுக்கான அம்மாவின் வருமான வரிக் கணக்கைத் திருவையாற்று வீட்டில் உட்கார்ந்து நான்தான் போட்டேன். பாஸ்புக்கில் வெறுமனே 'பென்ஷன்' என்றிருந்தது. அப்பாவுக்குச் செய்தது போலவே சம்பளத் தலைப்பில் எழுதி, சம்பளக்காரர்களுக்கான நிலைக்கழிவு (standard deduction) 75,000 ரூபாயையும் கழித்துவிட்டேன்.

அது தப்பு. வேலை பார்த்தவரே வாங்கினால்தான் ஓய்வூதியம், சம்பள வருமானம். அவர் மறைந்தபின் மனைவி வாங்குவது குடும்ப ஓய்வூதியம். வரிச் சட்டத்தில் அது இதர வருமானம். புதிய வரிமுறையில் அந்த ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கோ 25,000 ரூபாயோ, எது குறைவோ அதைத்தான் கழிக்கலாம். பழைய வரிமுறை என்றால் உச்சவரம்பு 15,000தான். விதவைத் தாய்க்குக் கழிவு குறைவென்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஊரில் குறுவை அறுப்பு நடந்த சமயம், தலைப்பை மாற்றித் திருத்திய கணக்கைத் தாக்கல் செய்தேன்.