புது ஆட்டக்காரருக்குப் பாத்திரம் உருவாக்குவது: எதை வரையறுப்பது, எதை விடுவது

ஆளுக்கொரு பாத்திரமாக மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டிக் கதை நடத்தும் விளையாட்டுக்குப் புதிதாக வந்தவரிடம் "உங்களுக்குப் பிடிச்ச மாதிரி ஒரு பாத்திரம் உருவாக்குங்க" என்று சொன்னால், பெரும்பாலும் அவர் பேச்சே நின்றுவிடும். விதிப்புத்தகத்தை அப்படியே கையில் கொடுத்தாலும் அதே கதிதான். எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் புதியவர்களோடு விளையாடி விளையாடி எனக்குக் கைவந்த முறை இது. எண்களில் நான் இடமே கொடுக்கமாட்டேன். கதையில் தாராளமாகக் கொடுப்பேன், ஆனால் கேள்வி கேட்டுத்தான் கொடுப்பேன்.

அந்த வகை விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பை வைத்துச் சொல்கிறேன். பகடை வகைகளும், கதையை நடத்திச் செல்லும் கேம் மாஸ்டரின் வேலையும் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: களத்தைச் சொல்லிவிடுங்கள்

மூன்று நான்கு வரி போதும். என் களம் இது: "சிங்கப்பூர், 1843. ஆற்று முகத்துவாரத்தில் யாராலும் படிக்க முடியாத எழுத்துகளோடு ஒரு பெரிய கல். அதை வெடிவைத்துத் தகர்க்கப் போகிறார்கள். உங்கள் எல்லாருக்கும் அந்தக் கல் முழுசாக வேண்டும். காரணம் ஆளுக்கு ஆள் வேறு."

கல்லும் உண்மை, அந்த ஆண்டு அதைத் தகர்த்ததும் உண்மை. எஞ்சிய துண்டு ஒன்று தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. மந்திரத்தை மட்டும் நாங்கள் சேர்த்துக்கொண்டோம். மேலே உள்ள கடைசி இரண்டு வரிகளை விட்டுவிடாதீர்கள். குழு ஒன்றாகச் சுற்றுவதற்கான காரணம் அதில்தான் இருக்கிறது.

படி 2: எண்களைக் கொடுத்துவிடுங்கள்

15, 14, 13, 12, 10, 8. இந்த ஆறையும் வலிமை, சுறுசுறுப்பு, உடலுறுதி, அறிவு, விவேகம், வசீகரம் என்ற ஆறு தன்மைகளுக்கும் பிரித்துப் போடச் சொல்லுங்கள். 27 புள்ளிகளைச் செலவழித்து எண்களை வாங்கும் பாயிண்ட் பை முறையும் உண்டு. ஆனால் மேலே உள்ள ஆறு எண்களின் விலையைக் கூட்டிப் பாருங்கள்: 9, 7, 5, 4, 2, 0. சரியாக 27. அதனால் புதியவருக்கு இதில் எந்த நட்டமும் இல்லை, கணக்குப் போடும் வேலையும் இல்லை.

ஆளாளுக்குத் தனித்தனியாகப் பகடை உருட்டுவதை நான் ஏன் தவிர்க்கிறேன்? ஒருவருக்கு 18 விழுந்தால், அந்தத் தன்மையை வைத்து எதையாவது முயலும்போது உருட்டும் பகடையோடு கூட்டல் 4. பக்கத்தில் இருப்பவரின் உயர்ந்த எண் 12 என்றால் கூட்டல் 1 மட்டும். 20 பக்கப் பகடையில் அந்த மூன்று புள்ளி 15 விழுக்காட்டு வித்தியாசம். ஆட்டம் முழுக்க அது கூடவே வரும்.

இந்த எண்களின் மேல் சேரும் கூடுதல் புள்ளிகள், ஐந்தாம் பதிப்பின் 2014 புத்தகத்தில் பாத்திரத்தின் இனத்தை (மனிதர், எல்ஃப் போன்றவை) பொறுத்தவை, 2024 புத்தகத்தில் அதன் பின்னணியை (முன்பு செய்த தொழில் போன்றவை) பொறுத்தவை. ஒரே மேசையில் இரண்டையும் கலக்காதீர்கள். என் மேசையில் ஒரு தன்மைக்கு 2, இன்னொன்றுக்கு 1, எதற்கு என்பது அவரவர் விருப்பம்.

கிளாஸ், அதாவது பாத்திரம் எந்த வகை வீரர் என்பதன் தேர்வுக்கு நான்கை மட்டும் காட்டுவேன்: ஃபைட்டர் (போர்வீரர்), ரோக் (பதுங்கிச் செயல்படுபவர்), கிளெரிக் (தெய்வ அருளால் மந்திரம் செய்பவர்), விசார்ட் (படித்து மந்திரம் கற்றவர்). மற்றவை அடுத்த ஆட்டத்துக்கு.

படி 3: மூன்று கேள்விகள்

எல்லாரும் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். "உன் பாத்திரத்தின் கதை என்ன?" என்று கேட்கக்கூடாது. பதில் ஒரே வரியில் வரும்படி கேளுங்கள்:

- பகலில் என்ன வேலை பார்க்கிறாய்?
- நீ திரும்பி வரவில்லை என்றால் முதலில் தேடப்போவது யார்?
- யாரிடம் மாட்டிக்கொண்டிருக்கிறாய்?

ஒரு தம்பி ரோக் எடுத்திருந்தார். முதலில் "அண்ணே, நான் இருட்டுல வர்ற கொலைகாரன்" என்றார். மறுக்கவில்லை, முதல் கேள்வியைக் கேட்டேன். ஆற்றில் சரக்குத் தோணி ஓட்டுபவன் என்றார். பொருத்தமான தேர்வு. அந்தக் காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் பலர் அந்த வேலைதான் பார்த்தார்கள். தேடப்போவது யார்? தங்கை. மாட்டிக்கொண்டது? தோணி வாங்கிய கடன். கொடுத்தவர் கல்லைத் தகர்க்கும் குத்தகைக்காரரின் ஆள்.

பிறகு 8ஐ எங்கே போடுவது என்று அவர் யோசிக்கவே இல்லை. அறிவில் போட்டு, "இவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனா கல்லுல இருக்கிற ஒரு எழுத்தை மட்டும் கனவுல பார்க்கிறான்" என்றார். நான் வரையறுத்துக் கொடுத்த எண்ணிலிருந்தே இப்படி ஒரு கதை முளைப்பதுதான் எனக்கு இந்த விளையாட்டில் மிகப் பிடித்த தருணம்.

மூன்றாவது கேள்விக்குப் பதில் வராவிட்டால் மேசையில் உள்ள மற்றவர்களைக் கேளுங்கள். நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள்.

படி 4: இரண்டு இடம் காலியாக இருக்கட்டும்

தாளில் இரண்டு கோடு போட்டு எதுவும் எழுதாமல் விடுங்கள். ஒன்று கற்றுக்கொண்ட திறமைக்கு, இன்னொன்று தெரிந்த ஆளுக்கு. ஆட்டத்தின் நடுவில் தேவைப்படும்போது நிரப்பலாம். பூட்டுத் திறக்க அந்தத் தோணிக்காரனுக்குக் கற்றுக்கொடுத்தது யார் என்பது பின்னொரு நாள், கிளெரிக்காக விளையாடிய அக்கா "நான்தான்" என்று சொன்னபோதுதான் எங்களுக்கே தெரிந்தது.

இதற்காகவே முதல் பாத்திரத்தைத் தாளில் பென்சிலால் எழுதச் சொல்கிறேன். பாத்திரம் உருவாக்கும் செயலி என்றால் எல்லாக் கட்டத்தையும் நிரப்பச் சொல்லி நச்சரிக்கும்.

பின்சேர்க்கை: பகடை உருட்டாவிட்டால் சுவையே இல்லை என்று பலர் எழுதியிருந்தார்கள். நியாயம்தான். அப்படியானால் மேசைக்கே ஆறு எண் உருட்டுங்கள்: ஒவ்வொரு எண்ணுக்கும் நான்கு ஆறு பக்கப் பகடை, குறைந்ததைத் தள்ளிவிட்டு மூன்றைக் கூட்டுங்கள். ஆளுக்கு ஒரு தடவையாக மாறி மாறி உருட்டி, வந்த ஆறையும் எல்லாரும் பயன்படுத்துங்கள்.

இன்னொருவர், விளையாடத் தொடங்கிய பிறகு கிளாஸ் பிடிக்கவில்லை என்றால் என்ன செய்வது என்று கேட்டிருந்தார். இரண்டாவது ஆட்டம் முடியும்வரை எந்த எண்ணை எந்தத் தன்மைக்குப் போடுவது என்பதையும் கிளாஸையும் மாற்ற விடுங்கள். மூன்று கேள்விகளின் பதில்களை மட்டும் மாற்ற விடாதீர்கள். மற்றவர்கள் தங்கள் கதையை அதோடு கோத்திருப்பார்கள்.