முன்பாதத்துக்கு மாறும் அவசரமும் குதிகால் நாணும்

காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடங்களுக்குள் ஓடி முடிக்க வேண்டும் என்பதால், நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கிலும் சொத்தவிளை, சங்குத்துறைக் கடற்கரைகளிலும் இளைஞர்கள் விடியுமுன்பே ஓடிப் பழகுகிறார்கள். குதிகால் ஊன்றி ஓடுவது கெடுதல் என்று யாரோ சொல்லக் கேட்டு, ஒரே வாரத்தில் முன்பாதம் ஊன்றும் ஓட்டத்துக்கு மாறிவிடுவதுதான் நான் மிகவும் அஞ்சுகிற தவறு.

முன்பாதம் முதலில் தரையில் படும்போது, குதிகால் சட்டென்று இறங்கிவிடாதபடி கெண்டைக்கால் தசை இழுத்துப் பிடிக்கிறது. அந்த இழுப்பு முழுவதையும் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் அக்கிலிஸ் தசைநாணே தாங்குகிறது. எப்படி ஊன்றினாலும் ஓட்டத்தில் உடல் எடையைப் போல் பல மடங்குச் சுமை அதன்மேல் விழுகிறது. ஊன்றும் முறையை மாற்றினால் சுமை மறைந்துவிடாது. முழங்காலுக்குக் குறைந்து நாணுக்குக் கூடும். ஆகவே முழங்கால் வலிக்காரருக்கு உதவக்கூடிய அதே மாற்றம், குதிகால் வலிக்காரருக்கு வெந்த புண்ணில் வேல் பாய்ச்சியது போலாகிவிடும். மாறித்தான் ஆக வேண்டுமென்றால் முதலில் ஓரிரு நிமிடம் மட்டும் அப்படி ஓடி, மாதக்கணக்கில் மெல்லக் கூட்ட வேண்டும். ஏனெனில் தசை வலுப்பெறும் வேகத்தில் நாண் வலுப்பெறுவதில்லை.

மணல் மெத்தென்று இருப்பதால் பாதுகாப்பானது என்று நினைப்பதும் சரியல்ல. உதிரி மணலில் குதிகால் புதைந்து நாண் கூடுதலாக நீள்கிறது. அலை நனைத்த மணல் கெட்டியாக இருந்தாலும் கடல்பக்கம் சரிந்திருப்பதால், சாய்வின் சுமை ஒரே காலில் விழாதபடி போன வழியிலேயே திரும்பி ஓடுவது நல்லது.

காலையில் கட்டிலிலிருந்து இறங்கியதும் குதிகாலுக்கு மேலே இறுக்கிப் பிடித்து, பத்தடி நடந்தபின் விட்டுப்போகிறதா? குதிகாலுக்கு மேல் 2 முதல் 6 செ.மீ. வரையுள்ள பகுதியை இரு விரலால் மெல்லப் பிடித்துப் பாருங்கள். அங்கே வலியோ தடிப்போ இருந்தால், ஓடினால் சரியாகிவிடும் என்று தள்ளிப்போடாமல் தூரத்தையும் வேகத்தையும் குறையுங்கள்.

எண்ணெய் தடவி முழு ஓய்வில் கிடப்பதும் தீர்வாகாது. வலி அடங்கலாம், நாணின் வலு கூடாது. 1998இல் சுவீடன் மருத்துவர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் குழுவினர், படியின் விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாகக் கீழிறக்கும் பயிற்சியை, நாணின் நடுப்பகுதியில் வலியுள்ள ஓட்டக்காரர்களுக்கு 12 வாரம் அளித்து நல்ல பலன் கண்டார்கள். எலும்போடு ஒட்டும் இடத்திலேயே வலி இருப்பவர், படிக்குக் கீழே இறக்காமல் சமதரையில் செய்ய வேண்டும்.

ஓடும்போது பின்னாலிருந்து யாரோ உதைத்தது போல் உணர்ந்து, பிறகு அந்தக் காலின் நுனியில் எழும்பி நிற்க முடியாவிட்டால், நாண் அறுந்திருக்கலாம். தடவவோ உழியவோ விடாமல் அன்றைக்கே எலும்பு மருத்துவரிடம் போய்விடுங்கள்.